எந்த மாதத் தண்ணீர்

"குழாய மூடறதுன்னு சங்கத்துல முடிவாயிருச்சும்மா, நீங்க என்ன சொன்னாலும்..."

"என் வீட்டுக் குழாய மூட எந்தக் கணக்க வச்சு சார் முடிவு பண்ணீங்க?"

ஸ்ரீரங்கத்து அடுக்ககம் ஒன்றின் கீழ்த்தளம். சங்கச் செயலாளர் ரெங்கராஜ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் மாடி மணிமேகலை குனிந்து பார்த்தாள். பிளம்பர் காத்தான் ஸ்பேனரோடு படியில் காத்திருந்தான்.

திரையில் வெறும் எண்கள். தண்ணீர் மீட்டரிலிருந்து இறக்கிய கோப்பு. மேலே ஒரு தலைப்பும் கிடையாது.

முதலில் வீட்டு எண், அடுத்தது போன மாதம், கடைசி இந்த மாதம் என்றார் அவர். மணிமேகலை வீட்டுத் தண்ணீர்ச் செலவு இந்த மாதம் இரண்டு மடங்காம்.

அப்படி எங்கே போட்டிருக்கிறது என்றாள். தலைப்பு வேண்டுமென்றால் தனியாகப் புரோகிராம் எழுத வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று மீட்டர்காரர்கள் கைவிரித்துவிட்டார்களாம்.

புரோகிராமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மணிமேகலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தலைப்புகளை மட்டும் ஒரே வரியாக அடித்துத் தனிக் கோப்பாக வைப்பது. அதை முன்னாலும் எண்களைப் பின்னாலும் வைத்து ஒரே கட்டளையில் ஒட்டிவிடுவது. அவள் ஆபீஸில் தினமும் நடக்கிற வேலை.

'வீட்டு எண்' என்று அடித்தாள். 'போன மாதம்' என்று ரெங்கராஜ் எடுத்துக்கொடுத்தார். அவள் அடிக்கவில்லை. போன மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு எது என்று கேட்டாள்.

மூன்றாம் மாடி அற்புதசாமி வீடு என்றான் காத்தான். இந்த மாதம் ஒன்றாம் தேதிதான் குடிவந்தார்கள்.

அந்த வரியில் வீட்டு எண்ணை அடுத்து ஒரு பெரிய எண். அதற்குப் பின்னால் பூஜ்யம்.

மீட்டர் புது மாதத்தைத்தான் முதலில் சொல்கிறது.

'இந்த மாதம், போன மாதம்' என்று மாற்றி அடித்து ஒட்டினாள். அவள் வீட்டுத் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. காத்தான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டான்.

ரெங்கராஜின் கண் தன் வீட்டு வரிக்குப் போனது. அங்கே போன மாதத்தைவிட இந்த மாதம்தான் அதிகம்.

போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில், தண்ணீரை அதிகம் மிச்சம் பிடித்தவர் என்று இதே ரெங்கராஜுக்குச் சால்வை போர்த்திக் கைதட்டினார்கள். அதைப் போர்த்திவிடச் சொன்னது மணிமேகலையைத்தான்.

"சார், அந்தச் சால்வைய நீங்களே கீழ எடுத்துட்டு வரீங்களா, இல்ல நான் மேல வரட்டுமா?"