தூக்குவாளியில் பழையது

ஜனவரி 9, வெள்ளி. குழந்தைகள் ரத்தப் புற்றுநோய் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெறும் டாக்டர் நுஸைபா, "வீட்டுச் சாப்பாடு மட்டும் கொடுங்க" என்று நேற்று சொன்னவள், சூடாக ஆக்கியது என்பதைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

தஞ்சாவூர் மருத்துவமனை வார்டின் ஜன்னல் வழியே வரும் வெயில் ஆறு வயது எழில்மொழியின் மொட்டைத் தலையில் பளபளக்கிறது. மருந்தால் அவளுடைய வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கின்றன. குத்தாலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அம்மா செம்மொழி, தூக்குவாளியில் கையை விட்டு மோர் ஊற்றி வெங்காயம் நறுக்கிப் போட்ட பழையதைப் பிசைகிறாள். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. இரண்டாவது வாய்க்குக் குறுக்கே நுஸைபாவின் கை நீள்கிறது. "அக்கா, வேணாம்!" "எங்க வயல் நெல்லுங்க டாக்டர். வீட்டுச் சாப்பாடுன்னுதானே சொன்னீங்க?" "சூடா ஆக்கினதுன்னு நான்தான் சொல்லாம விட்டுட்டேன். நமக்கு ஒண்ணும் பண்ணாத கிருமிகூட இப்ப பாப்பாவைப் படுக்க வச்சிடும்." செம்மொழியின் விரல்களிலிருந்து மோர் சொட்டுகிறது. தெர்மாமீட்டர் எழில்மொழியின் அக்குளில் ஏறுகிறது. மின்விசிறி கறகறக்கிறது. காய்ச்சல் இல்லை. இனிமேல் வரலாம் என்பது நுஸைபாவுக்குத் தெரியும். வந்தால் எந்த மருந்தை எவ்வளவு வேகமாக ஏற்ற வேண்டும் என்பதும் தெரியும். சீனியருக்குப் போனில் நடந்ததை அப்படியே சொல்கிறாள். "அப்ப அதை நீங்க சாப்பிடுங்க டாக்டர்," என்கிறாள் எழில்மொழி, "வெங்காயம் காரும், அழக் கூடாது." செம்மொழிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நுஸைபா தூக்குவாளியை மூடி வாங்கிக்கொள்கிறாள்.

நாளைக் காலை எழில்மொழிக்கு ரத்தப் பரிசோதனை. அதற்கு முன், வார்டில் உள்ள ஒவ்வொரு அம்மாவிடமும் என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்க வேண்டும்.