கூரையா, பின்பக்கமா?

"முதல் குற்றம்: எழுபத்திரண்டு ஆவணியில் பஸ் கூரைமேல் சைக்கிள் ஏற்றுவதை நிறுத்தியது. இரண்டாவது: அதே வருஷம் ஐப்பசியில் கூரைக் கேரியரையே அறுத்தெடுத்தது. மூன்றாவது: காரணம் கேட்டுப் போனவர்களுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பியது. நான்காவது: அந்தக் காரணத்தைப் பத்து வருஷமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பது."

காய்கறிக்காரர்களின் தலைவர் அர்ஜுனன் படித்து முடித்த மனுவை மடித்தார். எதிரே பஸ் முதலாளி ஜினதாச நயினார். சாட்சிக்குக் கீழ்பென்னாத்தூர் காய்கறிக்காரர்கள் இருபது பேர், ஹபீப் முகம்மதுவின் பஸ் பாடி பட்டறையில் நின்றிருந்தார்கள். சைக்கிளும் கூடவே வந்தால்தான் திருவண்ணாமலையில் தெருத்தெருவாக விற்க முடியும். இல்லாவிட்டால் தலைச்சுமைதான்.

புது பஸ்ஸில் சைக்கிள் ஏற்றிக்கொள்வதாக நயினாரே சொல்லியனுப்பியிருந்தார். பணிந்துவிட்டார் என்றே அர்ஜுனன் நினைத்தார்.

"கூரைன்னா பதினஞ்சு சைக்கிள் போவும். பின்னாடி ஸ்டாண்டுன்னா ஆறு. பழைய பாடி பின்னாடி தாங்காது, இது தாங்கும். எதுன்னு சொல்லிட்டா வெல்டிங் வெச்சுடுவேன்" என்றார் ஹபீப்.

"கூரை" என்றார் அர்ஜுனன். "ஆறு பேர் ஏத்திக்கினு மீதிப்பேர் வேடிக்கை பாக்கவா இத்தினி நாள் கத்தினோம்?"

"பின்னாடியே வைக்கலாங்க" என்றார் நயினார். "காலையில மொத மூணு நடையிலயும் ஏத்திக்கறேன். பதினெட்டு ஆச்சே."

"கூரை ஏன் ஆகாது?"

நயினார் ஓரமாக நின்றிருந்த டைம்கீப்பர் கருப்பனைப் பார்த்தார். கருப்பன் ஒரு காலைச் சாய்த்துத்தான் நிற்பார்.

"பாத்தீங்களா? பஸ் தொழிலாளிங்களுக்காக மறியல் பண்ணி நான் ஜெயில்ல இருந்த நேரமாப் பாத்து நிறுத்தினவருதானே. வெளியில இருந்திருந்தா நிறுத்தியிருப்பாரா?" என்றார் அர்ஜுனன்.

"நீ ஜெயிலுக்குப் போனதை வாரத்துக்கு ஒரு தடவை சொல்லிடுறே" என்றாள் கீரைக்காரி பொன்னம்மா. "காரணத்தைக் கேளுப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நயினார் பழைய பஸ்ஸின் காகிதக் கட்டை அவிழ்த்து, ஒரு தாளை உருவினார்.

"வேணாம் மொதலாளி" என்றார் கருப்பன். "எனக்குக் குடுத்த வாக்கு?"

"அவங்க கூரைதான்னு நிக்கறாங்களே, கருப்பா."

அர்ஜுனன் கையை நீட்டினார். "எதுவாயிருந்தாலும் சாட்சிங்க முன்னாடி நானே படிக்கறேன். ஒளிச்சுப் பேசற பழக்கம் நமக்கில்லே."

மேடைக் குரலில் ஆரம்பித்தார்.

"கிளீனர் கருப்பன் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலம். கூரையிலிருந்து ஒரு சைக்கிளை இறக்கும்போது, அதில் கட்டியிருந்த நோட்டீஸ் கட்டின் பாரத்தில் சைக்கிள் சாய்ந்து, நானும் கூடவே விழுந்து இடுப்பு முறிந்தது. சைக்கிள்காரர் அன்று மறியலில் கைதாகிவிட்டார். வீட்டில் சேர்க்கச் சொல்லி அவருடைய ஆட்கள் ஏற்றிவிட்ட சைக்கிள் அது."

குரல் இறங்கியது.

"கேக்கலேப்பா" என்றாள் பொன்னம்மா.

"அவர் எங்களுக்காக உள்ளே போனவர். இது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று முதலாளியைக் கேட்டுக்கொண்டேன். யார் மேலும் புகார் இல்லை. சைக்கிள்காரர் பெயர்..."

தாளை மடிக்கப் போன கை நின்றது. இருபது பேரும் காத்திருந்தார்கள். கருப்பன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்ஜுனன் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

"கீழ்பென்னாத்தூர், அர்ஜுனன்."