மகன் பெயர் சூடிய குருவி

இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு குருவியின் கதை சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தின் பின்னறையில் ட்யூப்லைட் ரீங்கரிக்கிறது. பறவைகளின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைத் தேடிப் புத்தகம் எழுதும் பெண், இழுப்பறையை மெல்லத் திறக்கிறாள். பறவை தேடிக் காட்டுக்குப் போய்க் காய்ச்சலில் இறந்த ஓர் இளைஞனின் பெயரைச் சூட்டிய குருவி, பாடம் செய்யப்பட்டு, கண்ணில் பஞ்சோடு மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் அவனுடைய தாய் பார்க்கிறாள், அழுகை வரவில்லை. "புத்தகத்துல போட உங்க மகனைப் பத்தி ஒரு வரி சொல்லுங்கம்மா. மத்தவங்களுக்கெல்லாம் தளபதி, பிரபுன்னு போட்டிருக்கேன்." "இது எப்போ கூவும்?" என்று கேட்கிறாள் தாய். "விடியறதுக்கு முன்னாடியே." "நல்லா வெச்சாங்க பேரு! அவன் மூஞ்சில தண்ணி தெளிச்சாத்தான் எந்திரிப்பான், கும்பகர்ணன். அதையே எழுதும்மா." பேனா தயங்குகிறது, பிறகு எழுதுகிறது. எழுப்பப் போவதுபோல் நீண்ட தாயின் விரல், இறகைத் தொடாமல் அப்படியே நிற்கிறது.

உங்கள் வீடுகளில், வெயில் ஏறிய பிறகும் இழுத்துப் போர்த்தித் தூங்கும் பிள்ளைகள் நிறைந்திருக்கட்டும்.