பிக்கப்பில் ஒரு பிளக்கு

"உந்தப் பிக்கப்பை நிப்பாட்டி வைச்சிருக்கேக்கை உந்தப் பிளக்கிலை கரண்ட் வருமோ, தம்பி?"

பிக்கப்பை வெளியே எடுக்கப் படலையைத் திறந்த செந்தூரன் திகைத்து நின்றான். பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக இருந்தவனை, கேள்வி கேட்ட முன்பின் தெரியாத அந்த அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்கூட்டியை மதிலோரம் விட்டுவிட்டு, பிக்கப் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'விற்பனைக்கு' மட்டையையும் உள்ளே தெரிந்த பிளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக்கணக்காக அந்த மட்டை வெயிலில் காய்கிறது. எட்டிப் பார்க்க ஒரு குருவி கூட வரவில்லை. இன்றைக்கென்று பார்த்து ஆள் வந்திருக்கிறது. இன்றைக்குத்தான் செந்தூரன் நீர்வேலியிலிருந்து சாவகச்சேரிக்குப் போய், கோயிலில் வைத்துப் பெண் பார்க்க வேண்டும். அவன் சாதகத்தில் செவ்வாய் பொல்லாத இடத்தில் குந்தியிருந்தது. முப்பத்தாறு வயதாகியும் இந்த ஒரு குறிப்புத்தான் பொருந்தி வந்திருக்கிறது. இதுவும் பிசகினால் இனிப் பேச்சுக்கால் பேச வரமாட்டேன் என்று தரகர் கையை விரித்துவிட்டார்.

"வரும் அன்ரி. ஆனா எஞ்சின் ஸ்ராட்டிலை நிக்கோணும்."

"நிப்பாட்டினா?"

"வராது."

'வரும்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு ஓடியிருக்கலாம். அவனுக்கு அந்தச் சமர்த்துப் போதாது.

"ஏன் வராது? பற்றறி உள்ளுக்கைதானே கிடக்கு?"

நல்ல கேள்வி. நல்ல கேள்வியென்றால் செந்தூரனுக்கு நேரம் மறந்துவிடும். கதவைத் திறந்து காட்டினான்.

"இதிலை ரெண்டு சாதிப் பிளக்கு இருக்கு அன்ரி. முன்னுக்கு இருக்கிற வட்டப் பிளக்குக்கு, ஸ்ராட் பண்ணிற திறப்பை அரைவாசி திருகினாக் காணும். எஞ்சின் ஓடாமலே போன் சார்ஜ் பண்ணலாம். பின்சீற்றடியிலை இருக்கிறது வீட்டுப் பிளக்கு மாதிரி. பற்றறிக் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திறதுக்கு ஒரு பெட்டி உள்ளுக்கை கிடக்கு. எஞ்சின் ஓடினாத்தான் அது வேலை செய்யும்."

"அதுதான் ஏன் எண்டு கேக்கிறன்."

"எஞ்சின் ஓடேக்கை, நாங்கள் எடுக்க எடுக்கப் பற்றறிக்குக் கரண்ட் ஏறும். நிப்பாட்டிப்போட்டு எடுத்தா எடுத்ததுதான். மோட்டர் போடாமல் பைப்பைத் திறந்து விட்ட தண்ணித் தாங்கி மாதிரி வத்திப்போம். பிறகு வாகனத்தை ஸ்ராட் பண்ணக் கரண்ட் இராது. அதாலைதான் அப்பிடிச் செய்து வைச்சிருக்கினம்."

போன் அடித்தது. கோயிலில் காத்து நிற்கும் தாய் இரத்தினம்மா.

"எங்கையடா நிக்கிறாய்? தக்சாயினி வந்து எல்லாச் சாமியையும் கும்பிட்டு முடிச்சிட்டாள். தேப்பனும் நிக்கிறார். தரகர் என்னை முழுசிப் பாக்கிறார்."

"வெளிக்கிட்டிட்டன் அம்மா."

வெளிக்கிட்ட லட்சணம்தான். அந்த அம்மா பின்சீற்றில் ஏறி இருந்து, தன் போன் வயரைப் பிளக்கில் செருகிக்கொண்டிருந்தார்.

"ஸ்ராட் பண்ணுங்கோ பாப்பம்."

பண்ணினான். போன் வெளிச்சம் போட்டது.

"இப்ப நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினான். சார்ஜ் நின்றது. "இன்னொருக்கா," என்றார். பண்ணினான். வேட்டிக்குள் வியர்த்தது.

"தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் பூட்டலாமோ?"

"ஏலாது அன்ரி. போன், லப்டொப், சின்னக் காத்தாடி தாங்கும். கேத்தில் பூட்டினாத் தானா நிண்டிடும்."

"நிண்டாப் பழுதாப் போமோ?"

"இல்லை. கேத்திலைக் கழட்டிப்போட்டு, எஞ்சினை நிப்பாட்டித் திரும்ப ஸ்ராட் பண்ணினா வரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் ஒருக்காப் பூட்டிப் பாத்தனான்."

"ஏன்?"

"என்ன நடக்குமெண்டு பாக்கத்தான்," என்றான் செந்தூரன், கொஞ்சம் வெட்கத்தோடு.

அந்த அம்மா முதல் முறையாகச் சிரித்தார். போன் மறுபடி அடித்தது. செந்தூரன் அதைக் கையில் எடுத்தான்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. எனக்குப் பொம்பிளை பாக்கிற அலுவல் ஒண்டு, பிந்திப்போச்சு. பின்னேரம் வாங்கோ, முழுக்க விளங்கப்படுத்திறன்."

"கடைசியா ஒண்டு. மழை பெய்தா, கராச்சுக்குள்ளை விட்டு எஞ்சினை ஓட விட்டுக் கரண்ட் எடுக்கலாமோ?"

போகிற போக்கில் ஓமென்று சொல்லியிருந்தால் ஆரும் கேட்கப் போவதில்லை. செந்தூரன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினான்.

"அது மட்டும் செய்து போடாதேங்கோ. பூட்டின கராச்சுக்குள்ளை புகை நிண்டா ஆளின்ரை உயிரை எடுத்துப்போடும். மழையெண்டாலும் வெளியிலைதான் விடோணும்."

"குறையெல்லாம் சொல்லி வாகனம் விக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறன்," என்றவர் வயரைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தார். ஆனால் இறங்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தினார்.

"சரி, எடுங்கோ தம்பி. நானும் அந்தக் கோயிலுக்குத்தான்."

"அப்ப... பிக்கப் வாங்கேல்லையோ?"

"எனக்கென்னத்துக்குப் பிக்கப்? போனமுறை வந்த மாப்பிள்ளை, என்ரை மகள் ரெண்டு கேள்வி கேட்டவுடனை கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போயிட்டார். அதுதான் இந்தமுறை நான் முதல் கேட்டுப் பாப்பமெண்டு வந்தனான். இனி நீங்களாச்சு, தக்சாயினியாச்சு."