லைசென்ஸ் உள்ள துவக்கு

ஏலக் கூடத்தில் வேலை செய்யும் கஜந்தினிக்கு, பழைய துப்பாக்கியொன்றின் முன்னால் நின்ற தேவராசாவைக் கண்டதும், வெளிநாட்டில் ஒரு தமிழரைக் கண்ட உரிமை வந்துவிட்டது.

"அங்கிள், ஏலத்தில கேக்கிற விலையோட முடியாது. கமிஷன், வரி, வைக்க இரும்புப் பெட்டி, எல்லாம் உங்கட தலையில. லைசென்ஸ் எடுத்தால்தான் துவக்கைக் கையில தருவினம். அதுக்குப் பொலிஸ் வீட்ட வரும்."

"வந்து?"

"இருந்து விசாரிப்பினம். உடம்பு எப்பிடி, மனசு எப்பிடி, நித்திரை வருதோ எண்டெல்லாம் துருவித் துருவிக் கேப்பினம். லைசென்ஸைப் புதுப்பிக்கேக்கை திரும்பவும் வருவினம்."

"திரும்பவுமோ?"

பாவம், மனிதர் பயந்துவிட்டார் என்று நினைத்த கஜந்தினி பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த துவக்கைக் காட்டினாள்.

"அப்ப இதை எடுங்கோ. நூறு வருசத்துக்கு மேல பழசு, சும்மா சுவரில கொழுவி வைக்கிறது. லைசென்ஸ் தேவையில்லை, விலையும் அரைவாசி. ஒருத்தரும் வீட்ட வந்து கரைச்சல் தரமாட்டினம்."

தேவராசா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு மற்றதுதான் வேணும் பிள்ளை. துவக்கைப் பிறகு பொலிஸே கொண்டு போனாலும் பரவாயில்லை. என்ர மனிசி செத்ததுக்குப் பிறகு வீட்டுக்கு ஒருத்தரும் வாறேல்லை" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "வாற பொலிஸ்காரர் தேத்தண்ணி குடிப்பினமோ?"