முப்பத்தொரு பிள்ளைகள்

பாடக்குறிப்பு நோட்டில் வியாழக்கிழமைக்கு 'மாணவர் எண்ணிக்கை: முப்பத்தொன்று' என்று எழுதியதும் அவள் பேனா நின்றது.

வகுப்பில் இருப்பது முப்பத்திரண்டு.

பழைய நோட்டைப் பார்த்தாள். அதில் புதன்வரை முப்பத்திரண்டு. வியாழனிலிருந்து முப்பத்தொன்று.

பாடக்குறிப்பு எழுதுவது என்றால் அந்தப் பள்ளியில் போன வருடத்து நோட்டைப் பார்த்து எழுதுவது. தேதியை மாற்றினால் போதும். தலைமையாசிரியரும் பெரிய மனது பண்ணி, படிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஐந்தாம் வகுப்புக்கு அவளுக்குக் கிடைத்தது, மாற்றலில் போய்விட்ட அமலி டீச்சரின் நோட்டு.

ஜூலையில் கனிஷ்கா புதிதாகச் சேர்ந்தபோது வகுப்பில் ஒன்று கூடியது. பழைய நோட்டிலும் அதே வாரம் ஒன்று கூடியிருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இன்று வரவில்லை.

முப்பத்தொன்றை அடித்து முப்பத்திரண்டு என்று திருத்தினாள். மனம் ஆறவில்லை.

"சார், போன வருஷம் அஞ்சாம் வகுப்புல ஒரு பிள்ளை குறைஞ்சிருக்கே?"

தலைமையாசிரியர் நிமிரவில்லை.

"பழசை எதுக்கு டீச்சர் கிளறுறீங்க?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமைப் பாடம்: நீர்நிலைகள். செயல்பாடு: பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுதல்.

மறுநாள்தான் ஒன்று குறைந்திருந்தது.

தன் நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தாள். 'கரும்பலகையில் வரைந்து விளக்குதல்' என்று மேலே எழுதினாள். பாடத்திட்டம் வளைந்துகொடுக்க வேண்டும் என்று பயிற்சிக்குப் பயிற்சி சொல்கிறார்களே. வளைத்தாயிற்று.

புதன் காலை, ஏரி கிடையாது என்றதும் அத்தனை முகமும் தொங்கிப்போயிற்று. கனிஷ்கா மட்டும் விடவில்லை. ஏரித் தண்ணீர் பிடித்துவர வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்திருந்தாள்.

"கூட்டிட்டுப் போறேன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்?"

"பேசாம உக்காரு."

அதட்டல்தான். ஆனால் அந்தப் பிள்ளையை அள்ளி அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து மணி அடித்தது. பலகை நிறைய ஏரி வரைந்தாள். கரை, மதகு, இரண்டு கொக்கு. இனி பயமில்லை. எல்லாரும் கண் எதிரில்தான்.

திரும்பி எண்ணினாள்.

மறுபடியும் எண்ணினாள்.

கனிஷ்காவின் பை இருந்தது.

பாட்டில் இல்லை.

வாசலுக்கு ஓடத் திரும்பியவள் கண்ணில், மேசைமேல் திறந்து கிடந்த பழைய நோட்டு பட்டது. ஒவ்வொரு நாளுக்கும் கீழே 'குறிப்புரை' என்று ஒரு கட்டம். பாடம் நடத்திய பிறகு எழுதுவது. அதை யாரும் பார்த்து எழுதுவதில்லை. அவளும் இதுவரை படித்ததில்லை.

புதன்கிழமைக் கட்டத்தில் அமலி டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்து.

'ஏரிக்குச் செல்லவில்லை. கரும்பலகையில் வரைந்தே நடத்தினேன்.'