நான்காவது முத்திரை

செவ்வாய்க் கிரகத்தை நான்கு பேரரசர்கள் பங்கு போட்டு ஆண்டார்கள். ஒருவனை மூச்சுக்கவசமில்லாமல் கூடாரத்துக்கு வெளியே தள்ள ஒருவர் முத்திரை போதும்; மன்னிக்க நால்வருடையதும் வேண்டும்.

தண்ணீர் திருடியதற்காக வெளியே தள்ளப்படவிருந்த மகன் பரிதிக்காகத் தையல்நாயகி மன்னிப்பு மனுவோடு முதலில் போனது, பக்கத்தில் இருந்த இளையவரிடம். அவர் மனமிரங்கி முத்திரை வைத்தார். அடுத்த இருவரும் வைத்தார்கள். மூத்தவர் மனுவைப் பார்த்து முகம் சுளித்தார்.

“எனக்கு முன்னாடி அவன் வைப்பானா?”

அவள் காலில் விழுந்தாள். “முறை தெரியாம செஞ்சிட்டேன் அய்யா. தப்பு என்னுது.”

“அவனையே கேக்கிறேன்.”

இளையவரின் பதில் உடனே வந்தது. தன் விசுவாசத்தைக் காட்ட, நாளைக்குக் குறித்திருந்த பரிதியின் தண்டனையை இப்போதே நிறைவேற்றிவிட்டாராம்.

“நல்ல பையன்” என்று சிரித்த மூத்தவர், மனுவில் காலியாயிருந்த இடத்தில் தன் முத்திரையை வைத்தார்.